ஒருத்தி கண்ட பிறை

...அறிவாராய்ச்சியியல் என்று சொன்னால் அளவையியல் போய்விடும், இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில், ஒன்றைத்தான் எடுக்கலாம், நாளை மறுநாள் பேராதனை வளாகத்துக்குப் போனதும் எது என்று சொல்ல வேண்டும். ஸல்ஹா வீட்டின் பின்பக்கம் கரையில் நின்றாள். துறைமுகத்தின் உள்பக்கம் இது, அலை இல்லை, நங்கூரம் போட்ட ஒரு கப்பல் அசையாமல் நின்றது, சீனன்குடாப் பக்கம் மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது, சிவப்பு மட்டும் மிச்சம். பக்கத்தில் வாப்பா, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு. ஷஃபான் மாதம் இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் நாளைக்கு நோன்பு, தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள். அவள் மனம் பிறையில் இல்லை. அளவையியல் படித்தால் வேலை நிச்சயம், உயர்தர வகுப்பில் அந்தத் தர்க்கப் பாடம் இருக்கிறது, படிப்பிக்க ஆள் இல்லை. மற்றது எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. ஒரு வருடம் மூத்தவள், லிங்கநகர் பூரணி, ஊருக்கு வரும்போது பஸ்ஸில் சொன்னாள், "அளவையியல எடடி. மற்றத எடுத்தா, குந்துற கதிரை உண்மையா இருக்கோ எண்டு கேட்டுக் கேட்டே கடைசி வரைக்கும் நிண்டுகொண்டிருப்பாய்." ஸல்ஹாவும் சிரித்தாள். ஆனால் அந்த நாள் வகுப்பில்... விரிவுரையாளர் ஒரு வெண்கட்டியைத் தூக்கிக் காட்டினார், இது வெண்கட்டி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் சிரித்தார்கள், சிரித்து முடிந்தும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை, வெளியே மழை, அவளுக்குக் கை குளிர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தெரியும், தெரியும் என்று சொல்லித் திரிந்திருக்கிறாள், ஒரு நாளாவது அந்தச் சொல்லுக்குள் இறங்கினாளா? இந்தத் தண்ணீரும் அப்படித்தான், கரையில் கணுக்கால் அளவு, அந்தக் கப்பலுக்குக் கீழே எவ்வளவு? தினமும் பார்க்கிற தண்ணீர், கேட்டதே இல்லை. வாப்பா நேற்றுச் சொன்னார், "வேலை தாற பாடத்த விட்டுட்டு, தெரியுமா தெரியாதா எண்டு கேக்கிற பாடமா? என்ன கதை புள்ள இது?" கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். கப்பல்களுக்குக் கயிறும் வர்ணமும் விற்கிற கடை, கப்பல் வருவதோ குறைந்துவிட்டது, அவளுக்குக் கீழே தம்பி தங்கைகள் மூன்று பேர். அளவையியல் என்றே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு... அப்போதுதான் கண்டாள். கப்பலின் கம்பத்துக்கு வலப்பக்கம், மலைக்குச் சற்று மேலே, ஒரு கீறல். வெள்ளைகூட இல்லை, வானத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். "வாப்பா, அந்தா!" "எங்க?" "கம்பத்துக்கு அங்கால, கொஞ்சம் மேல." வாப்பா கண்ணாடியைக் கழற்றி, சாரத்தில் துடைத்து, திரும்பப் போடுவதற்குள் மேகம் வந்துவிட்டது. "இல்லியே புள்ள." குசினிக்குள்ளிருந்து உம்மா, "படிச்சுப் படிச்சு அவளுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் பிறையாத்தான் தெரியும்."

மஃரிப் தொழுது முடிந்தது. வானொலியில் அறிவித்தார்கள், நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. உம்மா அதை நிறுத்திவிட்டு, காலைக்கு இடியப்பத்துக்கு மாவை அளந்தாள். ஸல்ஹா மறுபடியும் பின்வாசலில். ஒரு பெண் கண்டேன் என்றால் பள்ளிவாசலில் சாட்சியாக எடுக்கமாட்டார்கள், தெரியும். குர்ஆன் ஓதப்போன காலத்தில் படித்த மற்றதும் தெரியும், ஊரே சாப்பிட்டாலும் கண்டவளுக்கு நோன்பு கடமை. அவளை நம்புகிறவருக்கும். வாப்பா பின்னால் வந்து நின்றார். "புள்ள, நீ கண்டியா?" கண்டேனா... பிறையையா, கப்பல் கம்பியில் பட்ட வெளிச்சத்தையா? எல்லோரும் தேடுகிற இடத்தில் கண் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொள்ளுமா? தேடவே இல்லையே, வேறு எதையோ அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்... கை குளிர்ந்தது, அந்த வகுப்பில் போலவே. "ஓம் வாப்பா. கண்டனான்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி உம்மாவிடம் சொன்னார், "இஞ்ச, என்னையும் மகளையும் விடிய முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பு." "என்ன கதை இது, றேடியோவில இல்லையெண்டு சொல்லிட்டாங்களே!" "றேடியோ காணல்ல. என்ட மகள் கண்டிருக்கா."

நாளைக்குச் சந்தை முழுக்கத் தேத்தண்ணி குடிக்கும், வாப்பா கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் காய்ந்த வாயோடு இருப்பார், ஏன் என்று கேட்பார்கள், சிரிப்பார்கள். அவர் ஒன்றையும் காணவில்லை. காணாத ஒன்றுக்காகப் பசித்திருக்கப் போகிறார், அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு. அது என்ன? அவருக்குத் தெரியும் என்று சொல்ல ஏலாது. தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு அந்தக் கேள்வியில் நிற்கப் பயமாக இருந்தது, விட்டுப் போகவும் மனம் வரவில்லை. வாப்பா வாசற்படியில் நின்று கேட்டார், "அந்தப் பாடம், என்ன பேர் சொன்னாய்?" சொன்னாள். ஒரு முறை சொல்லிப் பார்த்தார், பாதியில் விட்டார், தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். சம்மதமா? அதையும் அவள் கேட்கவில்லை. நாளை மறுநாள் என்ன சொல்வாள் என்பது மட்டும் இப்போது தெரிந்தது... தெரிந்ததா? மேகம் விலகியிருந்தது. மலைக்கு மேலே ஒன்றும் இல்லை. பிறை இருந்திருந்தால் இந்நேரம் இறங்கியிருக்கும். இல்லாதிருந்தாலும் வானம் இப்படித்தான் இருக்கும்.