மூன்றாம் மேசைக்கு மேலே

டோக்கியோவின் மின்னணுக் கடைத்தெருவான அகிஹாபாராவில் ஹமாஜிமாவின் கறிச்சோற்றுக் கடை உட்கூரையிலிருந்து மொரிகுசி ஷூஹேயின் கால்கள் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். மடக்குக் கைப்பேசிகளைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த வருடம் அது. மூன்றாம் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தட்டைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

ஷூஹே மேல்மாடியில் குடியிருந்தார். சந்தைக்கு வரும் புதுக் கருவிகளையும் மென்பொருள்களையும் மற்றவர்களுக்கு முன்பே வாங்கிப் பார்த்து, நல்லது கெட்டதை இணையத்தில் எழுதுவது அவர் வழக்கம். இப்படி முதலில் வாங்கிக் கை சுட்டுக்கொள்கிறவரை அங்கே ‘ஹிதோபாஷிரா’ என்பார்கள். பாலம் நிற்க வேண்டுமென்று அந்தக் காலத்தில் அஸ்திவாரத்தில் உயிரோடு புதைத்த ஆளுக்கு உள்ள பெயர், மனிதத் தூண். தன் பக்கத்தின் தலையில் ஷூஹே வேடிக்கையாக எழுதிவைத்தார்: ‘உங்கள் தூண் நானே.’ கட்டடம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கருவியைப் பற்றியும் எழுதி முடித்ததும் அவர் தரைக்குள் கொஞ்சம் இறங்கினார். பேசும் அரிசிக் குக்கருக்கு ஒரு விரற்கடை. தூக்கத்தை அளக்கும் தலையணைக்கு இரண்டு.

ஹமாஜிமா மேலே வந்து வாசலில் நின்று குனிந்து வணங்கினார்.

“கயோகோசான், தப்பா எடுத்துக்காதீங்க. கால் தொங்கறது பரவால்ல. சாக்ஸ்ல ஓட்டை இருக்கு, வர்றவங்க சிரிக்கறாங்க.”

அன்றிலிருந்து ஷூஹேயின் மனைவி கயோகோ காலையில் ஏணியோடு கீழே போய்ச் சாக்ஸ் மாற்றினாள். மழை நாளில் வாடிக்கையாளர்கள் கட்டைவிரலில் குடையை மாட்டினார்கள்.

சில வருடங்கள் இப்படியே போயின. பிறகு கயோகோவுக்கு மேற்கே தொலைவிலுள்ள மட்சுவேயில் நூலக வேலை கிடைத்தது. ஏப்ரலில் சேர வேண்டும்.

“ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். நீங்க எழுதறத நிறுத்தினா மேல வந்துடுவீங்கன்னு தோணுது.”

“எனக்கும் அலுத்துப்போச்சு. எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி மாதிரி இருக்கு,” என்றார் ஷூஹே.

நிறுத்தினார். குளிர்காலம் முழுக்க மெல்ல மெல்ல மேலே வந்தார். மார்ச் தொடக்கத்தில் கணுக்கால் மட்டும்தான் தரைக்குள் இருந்தது. கயோகோ அவருக்குக் காலணி வாங்கிவைத்தாள்.

மார்ச் பதினொன்றாம் தேதி பூமி ஆடியது. கீழே அலமாரிகள் சரிந்தன, சுவர் வாய் பிளந்தது. வடக்கே அணு உலை வெடித்த பிறகு, கடைத்தெருவில் கதிர்வீச்சு அளக்கும் கருவிகள் குவிந்தன. எவன் செய்தான், எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. அந்த உலை இருக்கும் மாவட்டத்துக் கொரியாமாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘ஒன்று வாங்கினேன். வீட்டிலும் வாசலிலும் பூஜ்யம்தான் காட்டுகிறது. மகளை மணலில் விளையாட விடலாமா? நீங்கள் எழுதினால் நம்புவேன்.’

ஷூஹே படித்துவிட்டுத் திரையை அணைத்தார். காலணியைப் பார்த்தபடி இருந்தார். கயோகோ திரையை மறுபடி போட்டுத் தானும் படித்தாள். பிறகு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அதே கருவியின் புதுப் பெட்டியும் பெட்டி பிரிக்கும் கத்தியும் இருந்தன.

“டிக்கெட்?” என்றார்.

“ஒண்ணத் திருப்பிக் குடுத்துட்டேன். சீக்கிரம் பிரிங்க, அந்தப் பொண்ணு காத்துட்டிருக்கா.”

இருட்டில் முள் ஒளிரக் கதிர்வீச்சுள்ள சாயம் பூசிய பழைய கைக்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் மேலேயே வைத்தும் கருவி பூஜ்யம் காட்டியது. ‘இது பொய் சொல்கிறது. குழந்தையை வெளியே விடாதீர்கள்’ என்று எழுதினார். முழங்கால் வரை இறங்கினார். மற்ற கருவிகளையும் வாங்கிப் பார்த்து எழுதி முடித்தபோது தரை அவர் இடுப்பில் இருந்தது.

கயோகோ மட்சுவேக்குத் தனியாகப் போனாள். மாதம் ஒருமுறை வந்து, துவைத்த சாக்ஸ்களை ஹமாஜிமாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த வருடம் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. தெருவே ஆடியபோதும் அந்தக் கட்டடத்தில் ஒரு கரண்டிகூட அசையவில்லை. ஆனாலும் மூன்றாம் மேசைக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்வார்கள். அதிர்வு நின்றதும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மேலே புதுப் பெட்டியின் டேப் கிழிபடும் சத்தம் கேட்கும்.