கண நேரக் கவனக்குறைவு

அட்டைப்பெட்டி ஆலையில் யாருக்காவது கை போனால் அறிக்கை எழுதுவது பேனாக்காரரின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆலையில் அது யாருக்கும் தெரியாது.

காரணம் எழுதும் இடத்தில் அவர் எப்போதும் ஒன்றைத்தான் எழுதுவார்: 'கண நேரக் கவனக்குறைவு.' யோசித்துப் பிடித்த சொல் அது. நிமிடம் என்று எழுதினால் தூங்கினானா என்பார்கள். நொடி என்றால் எத்தனை நொடி என்று கேட்பார்கள். கணத்தை எந்தக் கடிகாரத்திலும் காட்ட முடியாது. ஒருமுறை 'இமைப்பொழுது' என்று எழுதிப் பார்த்தார். மேலாளர் கவிதையா என்று சிரித்ததும் விட்டுவிட்டார்.

தப்பைச் சின்னதாக்கிக் காட்டினால் தண்டனையும் சின்னதாகும் என்று மனிதர் மனதார நம்பினார். பாம்பும் சாகக்கூடாது, தடியும் உடையக்கூடாது. ஆனால் ஆலையின் விதியில் அளவு கிடையாது. இயந்திரத்தின் தப்பு என்றால் அடிபட்டவனுக்கு வேறு வேலை தரவேண்டும். ஆளின் தப்பு என்றால், அது கணமோ யுகமோ, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு வருடத்தில் ஆறு பேர் போனார்கள். ஆறு பேரும் ஒரே வெட்டு இயந்திரத்தில் நின்றவர்கள். வேகம் குறைகிறதென்று அதன் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள் என்பது ஆலையில் பூனைக்குக்கூடத் தெரியும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அதே இயந்திரத்தில் அவருடைய தங்கை கணவனின் நான்கு விரல்கள் போயின.

மருத்துவமனை வாசலில் தங்கை அழவில்லை. "அண்ணா, அவர் பாத்துக்கிட்டேதான் இருந்தாராம். கையை எடுக்கறதுக்குள்ள இறங்கிடுச்சாம். காவலாளி வேலையாவது குடுத்தா போதும். எல்லாம் நீ எழுதறதுலதான் இருக்கு."

பேனாக்காரர் அன்று முதன்முறையாக உள்ளதை எழுதினார். தடுப்புக் கம்பி இல்லை, யார் சொல்லிக் கழற்றினார்கள், எந்தத் தேதி, எல்லாம். எழுதும்போது, பல வருடம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தது போல இருந்தது.

மேலாளர் முழுவதும் படித்தார். குரலை உயர்த்தவில்லை. அலமாரியைத் திறந்து ஆறு பழைய அறிக்கைகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அதே மெஷின். கம்பி அப்பவும் இல்ல. ஆறு தடவையும் ஆள் மேல தப்புன்னு எழுதியிருக்கீங்க. ஏழாவது ஆள் உங்க மாப்பிள்ளைன்னதும் மெஷின் மேல தப்பா? விசாரணைக்கு வர்றவங்க எதை நம்புவாங்க, நீங்களே சொல்லுங்க."

பேனாக்காரர் ஆறு தாள்களையும் பார்த்தார். இரக்கப்பட்டுப் போட்ட சொல் ஆறு முறையும் அவர் கையெழுத்திலேயே கிடந்தது. மேலாளர் புதிய தாளை நகர்த்தினார். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன், முடிவு ஒன்றுதான் என்றார். அது உண்மை என்பதுதான் கொடுமை. பேனாக்காரர் எழுதவில்லை, மேலாளரே எழுதினார், அதே மூன்று சொற்களை, ஒரு எழுத்துகூட மாறாமல்.

மாலையில் அவர் வார்டுக்குப் போனார். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான் மாப்பிள்ளை.

"எழுதினீங்களா மச்சான்?"

"எழுதினேன் மாப்ள. நம்பல."

"ஏன் நம்பல?" என்றாள் தங்கை.

மறைக்க அவருக்குத் தெம்பில்லை. ஆறு அறிக்கைகளைப் பற்றியும் சொன்னார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவங்களும் பாத்துக்கிட்டேதான் இருந்தாங்களா?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மாப்பிள்ளை கேட்டான். கோபமாக இல்லை, ஏதோ சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவன் மாதிரி.

"ஆறாவது ஆளை வீட்டுக்கு அனுப்பினாங்கல்ல மச்சான், அந்த இடம் காலியா இருக்குன்னுதானே என்னைச் சேத்துவிட்டீங்க?"

பேனாக்காரர் ஆமாம் என்றார்.