அகில் இனிப்பதற்குள்

1

இந்தக் கதை என் இடது மணிக்கட்டில் தொடங்கியது. மலேசியாவில், கூலிம் ஊரில் வாசனைத் தைலம் கலக்கும் ரமணி அண்ணன், மொத்தமே நாற்பது குப்பிதான் செய்தேன் என்று பெருமையடித்துக்கொண்டு, தன் அகில் அத்தரில் ஒரு சொட்டை அங்கே தடவிவிட்டார். மாட்டுக் கொட்டகையும் ஊறிப்போன கட்டையும் சேர்ந்த நாற்றம். குழாயைத் தேடினேன்.

"கழுவிடாதீங்கலா. ஒரு மூணு மணி நேரம் பொறுங்க. தோல்ல பட்டாத்தான் அது வாயத் தொறக்கும்."

மூன்று மணி நேரம் சும்மா இருக்கத் தெரியாதவன் நான். எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: கிழக்கு வெளுத்தபோது சுங்கை லாலாங் தோட்டத்து ரப்பர் மரங்கள் பனியில் –

(வேண்டாம். அந்த மரங்கள் நம் கதைகளில் நின்று நின்று கால் கடுத்துப்போயிருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: சப்பான்காரன் காலம், 1943. பால் மரம் சீவும் சின்னையாவின் பெயர், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் பட்டியலில் ஏறிவிட்டது. லாரி நாளை மறுநாள்.

இது போதும். முதல் லாரியில் அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இந்த லாரியில் ஏறினால் சின்னையாவும் திரும்பமாட்டான் என்று அவன் மனைவி மருதம்மாளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுவதற்கு இரண்டு நாளை வீணடிக்க அவள் தயாராக இல்லை.

3

அவளிடம் ஒரு சின்னக் குப்பி அகில் எண்ணெய் இருந்தது. போருக்கு முன் பக்கத்து ஊரான கரங்கானில் கார்த்திகேசு முதலாளியின் கொட்டகையில், எண்ணெய் வடிப்பதற்காக அகில் கட்டையைச் சீவி வாரக்கணக்கில் தொட்டியில் ஊறப்போட்டவள் அவள். கொட்டகையை மூடிய அன்று முதலாளி கொடுத்த குப்பி அது.

ஆறாத புண் உள்ளவனைச் சப்பான்காரன் லாரியில் ஏற்றுவதில்லை. வெற்றிலைச் சாறு கலந்த ரப்பர் பாலைக் காலில் காயவைத்தால் பார்வைக்குப் புண். நாற்றத்துக்கு அகில். இதுதான் அவள் திட்டம்.

சோதித்துப் பார்க்க அன்று காலையில் தன் முழங்கையில் ஒரு சொட்டுப் பூசினாள். அழுகிய புண்ணே தோற்கும் நாற்றம். மருதம்மாளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நடுப்பகலில் கையிலிருந்து புகை வாசம் வந்தது. பிற்பகலில், ஐயோ, கல்யாண வீடு மாதிரி இனித்தது! கொட்டகையில் எத்தனை வருடம் இருந்தும் எண்ணெயை உடம்பில் பூச அவளுக்குக் கொடுத்துவைத்ததில்லை. அதனால் இது தெரியாமல் போயிற்று.

(இங்கே நான் கையை முகர்ந்தேன். புகை வாசம். கதையும் கையும் சேர்ந்தே நடக்கின்றன.)

சப்பான்காரன் ஊரில் அகிலைச் சாமிக்குப் புகைப்பார்கள் என்று முதலாளி சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. இனித்துவிட்டால் அவன் கண்டுபிடித்துவிடுவான். லாரி எத்தனை மணிக்கு வருமென்று யாருக்குத் தெரியும்?

தலையில் கைவைத்து உட்கார்ந்தவளுக்கு மறுபடி நாறியது. காலையில் கை துடைத்துப் போட்ட கந்தல் துணி. பொழுது சாய்ந்தும் அது திருந்தவே இல்லை.

"தோலுலதான் இது இனிக்குது. துணியில அப்படியே நாறுது," என்று குதித்தாள்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு புள்ள," என்றான் சின்னையா.

"புடிக்கட்டும். நீங்க நொண்டிப் பழகுங்க."

4

லாரி வரும்போது உச்சி வெயில். பெயர் கூப்பிடும் களத்தில் சப்பான் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்தான். பட்டியலோடு பக்கத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

கிராணியை நான் நம்பவில்லை. முதல் வரைவில் அவர் காட்டிக்கொடுத்துவிடுகிறார். சின்னையா அடிபட்டு லாரியில் –

(அடித்துவிட்டேன். காகிதம் கிழியும்படி அடித்தேன்.)

ரப்பர் பால் புண்மேல் எண்ணெயில் நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு சின்னையா நொண்டிப் போய் நின்றான். அதிகாரி துணிக்கட்டைக் காட்டி, அவிழ் என்று விரலை அசைத்தான். மருதம்மாள் ஓடிவந்து குனிந்து ஒரு சுற்று அவிழ்த்தாள். ஒரே ஒரு சுற்று. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தே விட்டான். பட்டியலில் சின்னையாவின் பெயர்மேல் கோடு விழுந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எனக்குப் பசியும் வந்துவிட்டது. ஆனால் மருதம்மாள் கேட்கவில்லை. ரப்பர் காயவைக்கும் புகைக் கொட்டகைக்குப் பின்னால் சின்னையாவின் கட்டை உருவி, வரிசையின் கடைசியில் நின்ற வாலிபன் மணியத்தை அங்கே இழுத்துவந்து அவன் காலில் சுற்றினாள்.

"அக்கா, மாட்டுனா உங்களையும் அடிச்சுக் கொன்னுருவானுங்க."

"வாய மூடிட்டு நொண்டுடா தம்பி."

மேசை முன்னால் மணியம். அதே துணி, அதே நாற்றம். கிராணி துணியைப் பார்த்தார். மருதம்மாளைப் பார்த்தார். "நேத்துப் பந்து ஆடுனவன்தானே நீ?" என்று மெல்லக் கேட்டார்.

கிராணி அதிகாரியின் பக்கம் திரும்பி மலாயும் தமிழுமாகக் கத்தினார்.

"சாக்கிட், துவான்! சீக்கு, துரை! ஒட்டுவாரொட்டி! லயத்து வீடு பூரா பரவிக்கிட்டிருக்கு!"*

அதிகாரி மேசையைப் பத்தடி பின்னால் இழுத்துப் போடச் சொன்னான். அங்கிருந்து அவன் கட்டுப் போட்ட காலை மட்டும் பார்த்துத் தலையசைத்தான். ஒரே துணிதான் கால் மாறி வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

* இந்த வசனத்தை அவருக்கு நான் எழுதவில்லை. ஆனால் அவர் சொன்னபோது மேசையைத் தட்டிச் சிரித்தேன்.

5

மூன்று மணி நேரம் ஆயிற்று. என் மணிக்கட்டு இனிக்கிறது. கட்டு மாறும்போது சின்னையாவின் கெண்டைக்காலில் ஒட்டியிருந்த எண்ணெயும் இந்நேரம் இப்படித்தான் இனித்திருக்கும். லயத்து வாசலில் உட்கார்ந்து தன் காலைத் தானே முகர்ந்துபார்த்துச் சிரிக்கிறான். அவன் உயிரோடு இருக்கிறான். அதை இனி எந்த வரைவும் மாற்றாது.

மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி எத்தனை கால் மாறியது? மூன்று என்று எழுதினால் நம்புவீர்கள். ஒன்பது என்றால் கதை விடுகிறான் என்பீர்கள். பட்டியலில் இருபத்தேழு பேர். நான் எண்ணிக்கை போடப்போவதில்லை. லாரி இன்னும் காலியாகத்தான் நிற்கிறது, அதை என் கையால் நகர்த்தமாட்டேன்.

புகைக் கொட்டகைக்குப் பின்னால் அடுத்தவன் காலை நீட்டிக் காத்திருக்கிறான். மருதம்மாள் துணியை உங்களிடம் நீட்டுகிறாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது வாங்குங்கள். சீக்கிரம் சுற்றுங்கள்.