ஆணவ நிலையத்தின் பதினெட்டு நிபந்தனைகள்

கார்த்திகை மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு நல்லேப்பிள்ளி மோகனசுந்தரத்தின் அணு உலை வெடித்ததில் அவருடைய இரண்டு கால்களும் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே எழும்பி அப்படியே நின்றுவிட்டன. வேறு சேதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உலையின் மூடி பறந்துபோய்ப் பிள்ளையார் கோயில் குளத்தில் விழுந்ததால் குளத்துத் தண்ணீர் இரண்டு மாதம் குளிக்கப் பதமான சூட்டில் இருந்தது. மூட்டுவலிக்காரர்கள் மாநில எல்லையான கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து முங்கிவிட்டுப் போனார்கள். நான்கைந்து கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டன. அதை யாரும் சேதக் கணக்கில் சேர்க்கவில்லை.

அணு உலை என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டில் சாம்பார் கொதிக்கிற அண்டா அளவுதான் இருக்கும். வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் நிலங்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் பெயருக்குத்தான் வரும் என்பதால், முப்பத்திரண்டு போர்வெல் மோட்டார்களை ஓட்ட மோகனசுந்தரம் லைசென்ஸ் வாங்கி உலையைத் தம் களத்துமேட்டில் வைத்தார். முந்நூறு ஏக்கர் நெல் அதை நம்பி நின்றது. தையல் மெஷினுக்கு இருப்பதுபோல அடியில் ஒரு மிதி இருக்கும். அதை லைசென்ஸ்காரர் தம் காலால் அழுத்தினால்தான் உலை மூளும். மற்றவர் கால் பட்டால் அது கண்டுகொள்ளாது. லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தம் அப்பா படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஓர் ஆணி உயரத்தில், மாட்டியிருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு வெளியே போய்த்தான் பேசினார்கள்.

களத்துமேட்டிலிருந்து நாற்பது தப்படி தள்ளி, ஒரே ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம், அவருடைய அண்ணன் சென்னிமலையின் வீடு. இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. மோகனசுந்தரத்தின் மகள் தமிழ்ப்ரியாவின் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பாவான சென்னிமலையின் பெயர், தாய்மாமன் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் வந்துவிட்டது. பக்கத்துச் சித்தூர் அச்சகக்காரரே பயந்துபோய் மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார். அடித்தது அடித்ததுதான் என்று மோகனசுந்தரம் வாங்கி வந்துவிட்டார். அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு தம்பியின் மோட்டாரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். ஆனால் அவர் வயல் பள்ளத்தில் இருந்தது. தம்பி வயலில் பாய்ந்த தண்ணீர் வரப்புக்கு அடியில் ஊறி அண்ணன் வயலுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. அண்ணன் தம்பிக்குத்தான் பேச்சு இல்லையே தவிர, தண்ணீருக்கு அந்தத் தகராறு தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை உலையின் குழாயில் வெள்ளைப் புகைக்குப் பதிலாக நீலப் புகை வருவதை முதலில் பார்த்தவர் சென்னிமலைதான். வரப்பில் நின்று "டேய் மோகனா" என்று கூப்பிட்டார். ஏழு தடவை கூப்பிட்டதாகப் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள். ஏழும் மோகனசுந்தரத்தின் காதில் தெளிவாக விழுந்தன. திரும்பிப் பார்த்தால் தாமே முதலில் பேசியதாகிவிடுமே என்று அவர் அண்ணனுக்கும் உலைக்கும் முதுகைக் காட்டி விறைத்துக்கொண்டு நின்றார். எட்டாவது தடவைக்கு அண்ணனின் குரல் எழும்பவில்லை, உலை எழும்பிவிட்டது.

இருபதே நாளில் அரசாங்கக் கடிதம் வந்தது. ஊர் மலையாள மாநிலத்தில் இருந்தாலும் தமிழர்கள் மிகுந்த பஞ்சாயத்துக்குத் தமிழில்தான் கடிதம் வர வேண்டும் என்று உத்தரவு இருப்பதால், மலையாளத்தில் எழுதியதை யாரோ ஒரு குமாஸ்தா மெனக்கெட்டுத் தமிழாக்கியிருந்தார். மலையாளத்தில் அணு சம்பந்தப்பட்டதற்கெல்லாம் ஆணவம் என்றே பெயர். அந்த ஒரு வார்த்தையை மட்டும் குமாஸ்தா இருந்தபடியே விட்டுவிட்டார். பால் சொசைட்டி முன்னால் கூடிய கூட்டத்தில் செக்ரட்டரி குப்பண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: தங்கள் ஆணவ நிலையத்தில் நேர்ந்த விபத்தை முன்னிட்டு, ஆணவம் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது என நிரூபிக்கும்வரை நிலையத்தை மறுபடி இயக்கக் கூடாது. ஆணவக் கசிவு வேலிக்கு வெளியே கண்டறியப்படக் கூடாது. இப்படிப் பதினெட்டு நிபந்தனைகள்.

"ஏனுங்க, இவரோட சங்கதி திருவனந்தபுரம் வரைக்குமா தெரிஞ்சு போச்சு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

மோகனசுந்தரம் முன்வரிசையில், நாற்காலிக்கு நான்கு விரற்கடை மேலே, உட்கார்ந்திருந்தார். "எனக்கா ஆணவம்? இந்தப் பஞ்சாயத்துல என்னையாட்ட அடக்கமானவன் எவன் இருக்கறான், கையத் தூக்கச் சொல்லுங்க பாக்கலாம்" என்றார். யாரும் கையைத் தூக்கவில்லை. அவர் மனைவி சுப்பாத்தாள் மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து, அந்தக் கடிதம் எழுதிய ஆபீசர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்தினார்.

ஆனால் சிரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. இரண்டாம் போகப் பயிர் உள்ளே கதிர் திரண்டு பொதி கட்டுகிற சமயம். பொங்கலுக்குள் தண்ணீர் பாயாவிட்டால் முந்நூறு ஏக்கரும் பதராகப் போய்விடும். ஊரார் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுப்பாக நிறைவேற்றத் தொடங்கினார்கள். ஆணவ மையத்தைக் குளிர்விக்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் வேண்டும் என்றிருந்தது. வேளைக்கொரு சொம்பு நீர்மோரும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் என்று முடிவாயிற்று. வெளி உதவி அடியோடு நின்றுபோனாலும் எழுபத்திரண்டு மணி நேரம் தானாகவே குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. அதைச் சோதிக்க சுப்பாத்தாள் மூன்று நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மோகனசுந்தரம் முதல் நாள் பாத்திரங்களைத் திட்டினார். இரண்டாம் நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் தம் தட்டைத் தாமே கழுவி வைத்துவிட்டு, மனைவி எப்போது வருவார் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார். நிலநடுக்கத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க, மார்கழி பஜனை நோட்டீசில் அவர் பெயரைக் கடைசியாகப் போட்டார்கள். நடுங்கினார், விரிசல் விடவில்லை. அன்று மாலை அளந்தபோது கால் மூன்று விரற்கடைக்கு இறங்கியிருந்தது.

மார்கழி இருபதாம் தேதி அதிகாரி பரிசோதனைக்கு வருவதாகவும், உடன் கைகர் கவுண்டரும் வரும் என்றும் தகவல் வந்தது. பெரிய மனிதரைப் போய் 'வரும்' என்று எழுதியிருக்கிறார்களே என்று ஊருக்குக் கோபம். குப்பண்ணன் பேனாவை எடுத்து 'வருவார்' என்று திருத்தினார். கைகர் எந்தப் பக்கத்து ஊர், அந்தக் கவுண்டர் நமக்கு என்ன முறை என்று இரண்டு நாள் விசாரித்தும் துப்புக் கிடைக்கவில்லை. ஜீப்பில் வந்து இறங்கியது ராமலட்சுமி என்ற முப்பது வயதுப் பெண் அதிகாரியும், அவர் கையில் டார்ச் லைட் பருமனில், கைகர் கவுண்டர் என்று பெயர் பொறித்த, கதிர்வீச்சு அளக்கும் கருவியும்தான். பந்தியில் கவுண்டருக்கென்று போட்ட இலையை எடுக்க மனம் வராமல் கருவியையே அதன் முன்னால் வைத்துப் பாயசம் வரை பரிமாறினார்கள்.

ராமலட்சுமி மாட்டுப்பட்டிக்காரர். அவர் அப்பா வீரபாண்டி அந்த மலையூரின் தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர். தமிழும் மலையாளமும் ஒன்றுபோல வரும் என்பதால் ஊரார் நீட்டிய கடிதத்தில் குமாஸ்தா செய்த காரியம் முதல் வரியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. திருத்த வாயைத் திறந்தார். அதற்குள் களை எடுத்த பெண்கள் ஏழு தடவை கூப்பிட்ட கதையைச் சொல்லி முடித்திருந்தார்கள். உலையைக் குடைந்து பார்த்தார். வால்வு, குழாய், மீட்டர் எதிலும் கோளாறு இல்லை. புது மூடியும் சரியாகப் பொருந்தியிருந்தது. விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் எழுத வேறொன்றும் கிடைக்காததால், ஊரார் வாசித்தபடியே வாசிப்பது என்று அவரும் முடிவு செய்தார்.

வேலி நெடுகக் கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சத்தமில்லை. மோகனசுந்தரத்தின் அருகே கொண்டுபோனார். அவர் "நான்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் கருவி டிக்டிக் என்று துடித்தது, நிறுத்தினால் தணிந்தது. ஆபத்துக் காலத்தில் ஊர் எவ்வளவு நேரத்தில் காலி செய்யும் என்று கேட்டதற்கு, மோகனசுந்தரத்தின் புல்லட் சத்தம் கேட்டால் டீக்கடை இரண்டு நிமிஷத்தில் காலியாகிவிடும், பல வருஷமாகப் பழக்கம் என்றார்கள். ராமலட்சுமி அதற்கு 'மிக நன்று' போட்டார். பதினாறு நிபந்தனைகள் நிறைவேறின. மிச்சம் இரண்டு. லைசென்ஸ்காரர் தம் காலால் மிதியை அழுத்திக் காட்ட வேண்டும். மோகனசுந்தரம் அழுத்திப் பார்த்தார். கால் மூன்று விரற்கடைக்குக் கீழே இறங்க மறுத்தது. மற்றது, வேலியை ஒட்டிக் குடியிருப்பவரின் ஒப்புதல் கையெழுத்து. வேலியை ஒட்டிக் குடியிருந்தது சென்னிமலை ஒருவர்தான்.

யாராவது போய் வாங்கி வரட்டும் என்றார் மோகனசுந்தரம்.

"எங்கப்பா முப்பது வருசம் பாய்லர் பாத்தாக. யாரு சத்தம் போட்டாலும் மொதல்ல ஓடி வருவாக, அப்புறந்தான் யாருன்னு கேப்பாக" என்றார் ராமலட்சுமி. "நீங்க கேட்டும் திரும்பலையே அண்ணாச்சி. நீங்களே போயிட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா ஃபைலை மூடிருவேன்."

அன்று முழுக்க மோகனசுந்தரம் போகவில்லை. மறுநாள் வயலைச் சுற்றி வந்தார். மண் வெடித்திருந்தது. பொதி கட்டிய பயிர் மதிய வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் வயல் இன்னும் மோசம். ஊற்று நின்றுபோய் ஒன்றரை மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை கேட்டு யாரும் வரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினார். நாற்பது தப்படிக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

சென்னிமலை எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?" என்றார்.

நான் என்று சொல்ல வாயெடுத்த மோகனசுந்தரம் அதை விழுங்கிவிட்டு, "உங்க தம்பிங்ணா" என்றார்.

தவிடு கலக்கும் கை நின்றது.

"அன்னிக்கு நீங்க கூப்புட்டது காதுல உழுந்துச்சுங்ணா. ஏழு தடவையும்."

"தெரியும். உன்ற காது செவந்துச்சே, பாத்துட்டுத்தான நின்னேன்."

"அப்பறம் ஏனுங்ணா திருப்பித் திருப்பிக் கூப்புட்டீங்க?"

"வெடிச்சா நீதானடா அங்க நின்னிருந்தே" என்றார் சென்னிமலை. அன்று கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டியது இன்னும் சரியாகவில்லை.

மோகனசுந்தரம் அழுதார். எருமை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பத்திரிகை விஷயத்துக்கும் மன்னிப்புக் கேட்க அவர் ஆரம்பித்தபோது அண்ணன் கையமர்த்தி, தாய்மாமன் பெயர் முன்னால் வருவது நியாயம்தான், அதில் தமக்கு வருத்தமே இல்லை என்றார். "எளுத்துதாண்டா ரொம்பப் பொடுசாப் போட்டுட்டே. கண்ணாடி போட்டுக்கூட எம்பேரு எனக்கே தெரியல" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒப்புதல் தாளில் இடம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஊரே களத்துமேட்டில் கூடியது. மோகனசுந்தரத்தின் கால் ஒரு விரற்கடைக்கு இறங்கியிருந்தது. அதற்குமேல் எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. மிதியின் மேல் காலை வைத்தார். ஒரு விரற்கடை இடைவெளியில் கால் மிதந்தது. ராமலட்சுமி விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஆணவம் அறவே இருக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை, அனுமதிக்கப்பட்ட அளவு என்று ஒன்று உண்டு, ஒரு விரற்கடை அதற்குள் வரும் என்றார். ஆனால் மிதி அழுந்த வேண்டுமே. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சென்னிமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். வெடிப்பு விழுந்த தம் காலைத் தூக்கித் தம்பியின் கால்மேல் வைத்து அழுத்தினார். மிதி இறங்கியது. உலை மெல்ல முனகி மூண்டது. முப்பத்திரண்டு மோட்டார்களும் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்தன.

பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னாலேயே எல்லா வயலும் நனைந்தது. தையில் குமாஸ்தாவிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. முந்தைய கடிதத்தில் ஆணவம் என்று வரும் இடங்களை அணு என்று திருத்தி வாசிக்கவும் என்றிருந்தது. குப்பண்ணன் அதைப் பால் சொசைட்டி காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தார். அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

இப்போது மூன்றாவது வருஷம். தினமும் காலை ஆறு மணிக்குச் சென்னிமலை வரப்பைத் தாண்டி வந்து தம்பியின் காலை மிதிக்கிறார். பிறகு இருவரும் காப்பி குடிக்கிறார்கள். தைப்பூசத்துக்கு அண்ணன் பழனிக்கு நடந்து போகிற நாட்களில் மோட்டார் ஓடுவதில்லை, ஊரும் பொறுத்துக்கொள்கிறது. போன மாதம் வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்த ராமலட்சுமியைச் சுப்பாத்தாள் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு விஷயம் சொன்னார். சாயங்காலமானால் தம் வீட்டுக்காரரின் கால் இரண்டும் நன்றாகவே தரையில் படுகிறதாம். ஈரக் காலோடு நடந்தால் தடம்கூட விழுகிறதாம். காலையில் வரப்பில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டதும்தான் ஒரு விரற்கடை எழும்பிக்கொள்கிறதாம்.

"எறங்கீட்டா அப்பறம் அண்ணன் வரமாட்டாருங்களே" என்றார் சுப்பாத்தாள்.

ராமலட்சுமி அளவு நாடாவை எடுக்காமலேயே ஒரு விரற்கடை என்று எழுதி, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது என்று கையெழுத்திட்டு, அடுத்த வருஷத்துக்கு லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தார்.