கேட்டில் கட்டிய மாதா

புயலுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போய் ஐந்தாம் நாள் திரும்பி வரும் வழியில்தான் யூலாலி ட்ராஹானுக்கு அந்த விஷயம் தெரிந்தது. அவள் புருஷன் ஓவிட் மட்டும் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியிருந்தால் வீடு சேரும்வரையாவது நிம்மதியாக இருந்திருப்பாள். அவனுக்கு அது ஆகாத காரியம் என்பது எங்கள் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

"மாட்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. மாதாவைக் கேட்டுலயே கட்டிட்டு வந்தேன்" என்றான்.

யூலாலி திரும்பிப் பார்த்தாள். "கேட்டைத் திறந்துட்டு வந்தேன்னுதானே சொன்னே?"

"பாத்துக்கிட்டேன்னு சொன்னேன்."

லூயிசியானாவின் அந்தக் கடலோரத் தாழ்நிலத்தில் மாடு வைத்திருப்பவர்கள் புயலுக்கு முன் செய்கிற கடைசிக் காரியம் ஒன்று உண்டு. மேய்ச்சல் நிலத்தின் கேட்டைத் திறந்துவிடுவார்கள். கடல் ஏறி வந்தால் மாடுகள் தாமாகவே மேட்டைத் தேடிப் போய்விடும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். ஓவிட்டுக்கும் தெரியும். ஆனால் போன புயலில் அவனுடைய இரண்டு கிடாரிகள் பக்கத்து நிலத்துத் தேயோஜனின் மந்தையோடு கலந்துவிட்டன. அவற்றைத் திரும்ப வாங்க நான்கு மாதம் சண்டை போட்டான். அதனால் இந்த முறை கேட்டைச் சாத்தி, சங்கிலி போட்டு, முற்றத்தில் நின்ற முப்பது கிலோ சிமெண்டு மாதா சிலையைத் தூக்கிக்கொண்டுபோய், கேட்டின் மேல்கட்டையில் தெற்கே கடலைப் பார்க்க வைத்து, வேலிக்கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். புயலைத் திருப்பிவிடுகிற மாதா என்று ஊரே நம்புகிறவள் அல்லவா. காவலுக்கு நிற்கட்டும் என்று.

"முப்பத்தியொரு மாட்டை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கே."

"பூட்டலை. மாதா கையில ஒப்படைச்சிருக்கேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த எல்மைர் ஜெபமாலையை நிறுத்தினாள். ஓவிட்டின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள், பாதிரியாரையே திருத்துகிறவள். மடியில் குளியல் துண்டில் சுற்றிய சூசையப்பர் சிலை. அதற்கு இடம் வேண்டுமென்றுதான் யூலாலியின் தையல் மெஷின் வீட்டிலேயே தங்கிவிட்டது.

"நம்பிக்கை இல்லாம பேசாதே யூலாலி. புயல் அடங்கணும்னு மந்திரிச்ச குருத்தோலையைக்கூட எரிச்சு வச்சிருக்கேன்."

"அண்ணி, குருத்தோலை கேட்டைத் திறக்குமா?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

யூலாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்பு வந்த புயல்களில் கூரை இரண்டு முறை பறந்து, இரண்டு முறையும் போட்டாயிற்று. இந்த முறை மாடும் போயிருந்தால் லாஃபயெட்டில் இருக்கும் தங்கையின் வீட்டோடு போய்விடுவேன், இனி ஒரு ஆணிகூட அடிக்கமாட்டேன் என்று, கிளம்பின அன்றைக்கே பாதிரியார் எதிரில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்தான்.

ஊர் எல்லையில் காவல்துறைக்காரன் வண்டியை நிறுத்தி அடையாள அட்டையில் விலாசத்தைப் பார்த்தான். "கால்வாய் ஓரமாப் போகாதீங்க. செத்த மாடு நிறையக் கிடக்கு" என்றான்.

"யார் மாடு?" என்று யூலாலி கேட்டாள்.

"முகத்துல எழுதியிருக்கலைம்மா."

எல்மைர் ஜெபமாலை மணியை வேகமாக உருட்டினாள். சாலையெங்கும் சதுப்புப் புல் பாய் விரித்தது போலக் கிடந்தது. யாருடைய குளிர்சாதனப் பெட்டியோ பள்ளத்தில் மல்லாந்து கிடந்து, ஊருக்கே நாறியது.

வீடு நின்றது. தூண்மேல் கட்டிய வீடு என்பதால் தண்ணீர் படிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. யூலாலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே மேய்ச்சல் நிலத்துக்கு நடந்தாள். முழங்கால் அளவு சேறு. உள்ளே ஒரு மாடு இல்லை. உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை.

கேட்டும் நிற்கவில்லை.

கேட்டுத்தூண் அடியோடு சாய்ந்திருந்தது. அது இற்றுப்போயிருக்கிறது, மாற்று மாற்று என்று யூலாலி இரண்டு வருஷமாகச் சொல்லி வாய் வலித்துப்போன தூண். கேட்டு வெளிப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மேல்கட்டையில் சுற்றின கம்பி அப்படியே இருக்க, சிமெண்டு மாதா சேற்றில் குப்புறக் கிடந்தாள். காற்றில் அந்த முப்பது கிலோ ஆடின ஆட்டத்தில் தூண் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. சின்னப் பிள்ளை பார்த்தாலும் புரியும்.

அப்போது மேட்டுப் பக்கமிருந்து ஒரு மாடு கத்தியது.

கல்லறைத் தோட்டத்தில்தான் நின்றன. ஊரிலேயே உயரமான இடம். வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே, அசை போட்டுக்கொண்டு. ஒன்று தேயோஜனுடைய மாமியாரின் பிளாஸ்டிக் பூவை வாயில் வைத்திருந்தது. யூலாலி இரண்டு முறை எண்ணினாள். முப்பத்தியொன்று. மூன்றாம் முறை எண்ணும்போது கண்ணீர் மறைத்ததால் நிறுத்திவிட்டாள்.

பின்னால் மூச்சு வாங்க வந்த ஓவிட் தொப்பியைக் கழற்றினான். "நான் சொல்லலை?"

"நீ என்ன சொன்னே? கேட்டு மூடியிருக்கும்னு சொன்னே."

"மாதா திறந்திருக்கா."

"தூண் இத்துப்போய் விழுந்திருக்கு ஓவிட். நீ சோம்பேறித்தனமா மாத்தாம விட்ட தூண்."

"யார் மாத்த விடலைன்னு நினைக்கிறே?" என்றாள் எல்மைர், ஜெபமாலையை முத்தமிட்டபடி.

இனி சாகும்வரை யூலாலி ஞாயிறு பூசை முடிந்த காப்பிக் கூட்டத்தில் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். இந்த மனிதன் செய்த முட்டாள்தனத்துக்கு மோட்சத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டான். மாடு செத்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் சேறு வழித்துக்கொண்டிருந்தபோது, ஓவிட் புதுத் தூண் ஒன்றையும் தடித்த கம்பிச் சுருளையும் தோளில் சுமந்து போனான். நல்ல கனமான தூண். யூலாலி மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனாள்.

"எதுக்கு இது?"

"மாதாவை இந்தத் தடவை பலமாக் கட்டப்போறேன். அசையக்கூட அசையாது."

யூலாலி அவன் கையிலிருந்த கம்பி முறுக்கும் குறட்டைப் பிடுங்கினாள்.

"அந்த இத்துப்போன தூணையே நடு" என்றாள். மாதாவின் மூக்கில் காய்ந்திருந்த சேற்றை சட்டை நுனியால் துடைத்தாள். "பழைய கம்பியாலயே கட்டு."