குடுவைக்கு மட்டும் வெண்ணெய்

அப்பாவை அடக்கம் செய்த கையோடு, சேலைகூட மாற்றாமல் ஆய்வகத்துக்கு வந்து, அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னிக்காவது வீட்ல இருக்கக் கூடாதா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“வீட்ல யாரு இருக்கா? இதுங்களுக்கு இன்னிக்குத் தீனி மாத்தலைன்னா செத்துடும்.”

இதுங்கள் என்றது, குடுவைகளில் வளரும் புற்றுநோய்ச் செல்களை. கொழுப்பு கலந்த திரவத்தை ஊற்றினால் அவை எப்படி விழுங்குகின்றன, எப்படிப் பெருகுகின்றன என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. “குடுவை வேற, மனுஷ உடம்பு வேற. இதைப் பார்த்துட்டுச் சாப்பாட்டை மாத்திடாதீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்வாள். அப்பாவுக்குக் கட்டி என்று தெரிந்த அன்று அந்தப் புத்தி எங்கோ போய்விட்டது. வீட்டில் வெண்ணெய் நின்றது, எண்ணெய் நின்றது. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர் வறட்டு ரொட்டியை வெந்நீரில் நனைத்து விழுங்கினார்.

“செல்லுக்கெல்லாம் கொழுப்பு ஊட்டுறே. பெத்தவனுக்குத் துளி வெண்ணெய் கிடையாதா?”

“உங்களுக்குள்ள இருக்கிறதும் அந்த மாதிரி செல்தாம்ப்பா.”

“சரி, அதுக்குப் போட்டுட்டு மிச்சத்தை எனக்குக் குடேன்.”

அவள் சிரித்தாள், கொடுக்கவில்லை. “இனிமே கேக்கிறதைக் குடுங்கம்மா, எடை குறையிறதுதான் பயமா இருக்கு” என்று டாக்டரே சொன்னபோதும் கொடுக்கவில்லை. கொடுத்து, கட்டி பெருத்துவிட்டால்? அந்தப் பயத்தைத்தான் அவள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலையில் மனசு கேட்காமல் வெண்ணெய் வாங்கி வந்தாள். கல்லாக இறுகியிருந்தது, தடவினால் ரொட்டி பிய்ந்துவிடும்.

“கொஞ்சம் இளகட்டும்ப்பா.”

“இத்தனை நாள் இருந்தேன், இதுக்கு இருக்க மாட்டேனா?” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெண்ணெய் இளகிவிட்டது. தட்டோடு போய் எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது பழைய திரவத்தை உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்றினாள். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொழுப்புத் துளிகள் மினுமினுத்தன. ஒன்றுகூடப் பட்டினி கிடக்கவில்லை.

“போதுமா?” என்றாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல.”

குடுவைகளை, செல்களை வளர்க்கும் அடைகாப்புப் பெட்டிக்குள் அடுக்கினாள். அதற்குள் எப்போதும் உடம்புச் சூடு இருக்கும். கதவைச் சாத்துமுன், அவள் கை கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே இருந்தது.