கோச்சடை மழை

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம் கோச்சடையில் பெய்த மழை, செல்போன் வழியாக வந்து பேயாண்டியின் வயலில் விழுந்தது. அதுவரை பேயாண்டியின் ஊரில் நெல் போடுகிறவர்கள் யாரும் செல்போன் வாங்க நினைக்கவில்லை. காளவாசலிலிருந்து வேன் வைத்து வந்த கடைக்காரர்கள், வரப்பில் நின்றபடியே நெல் விலை கேட்கலாம், அறுப்பு மிஷினை வீட்டிலிருந்தே வரச்சொல்லலாம் என்று மைக்கில் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

பேயாண்டியின் மனைவி இருளாயி மட்டும் புருஷனுக்குத் தெரியாமல் ஒன்று வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் திவ்யா, கூடப் படித்த கார்த்திகேஷைக் கட்டிக்கொண்டு கோச்சடைக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். “பேச்சே புரியாத வீட்டுக்குப் போனவகிட்ட எனக்கென்ன பேச்சு?” என்று சொன்ன பேயாண்டி, அதன் பிறகு மகளின் பெயரையே எடுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போன சைக்கிளை மட்டும் வாரம் தவறாமல் துடைத்துவைத்தார்.

அந்த வருஷம் கால்வாய்த் தண்ணீர் பாதியிலேயே நின்றுபோனது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்தது. பேயாண்டி வரப்பில் போய் உட்கார்ந்தவர், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. இருளாயி பொறுத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு போய் அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

“அப்பா, இங்க மழை ஊத்துதுப்பா. அங்கயும் பெய்யுதா?” என்றாள் திவ்யா.

பேயாண்டி வெடித்த வயலைப் பார்த்தார். “ஒரு சொட்டு இல்லத்தா” என்றார். போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “நீ நனையாத. உள்ள போ” என்றார்.

அந்த வார்த்தை முடிவதற்குள் அவர் காது நனைந்தது. போனின் பொடி ஓட்டைகளிலிருந்து முதலில் தூறல் வந்தது, பிறகு சாரல், அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பேயாண்டி போனைக் கைநீட்டிப் பிடித்தபடி வரப்பு வரப்பாக நடந்தார். நடுவில், திவ்யாவின் மாமியார் ஹம்சவேணி நல்ல தமிழில், “சம்பந்தி, சௌக்கியமா? வயலுக்குப் போதுமா, பிள்ளைய இன்னும் கொஞ்சம் முற்றத்துல நிக்கச் சொல்லவா?” என்று கேட்டார். “குடை பிடிச்சு நிக்கச் சொல்லுங்க சம்பந்தி” என்றார் பேயாண்டி.

அடுத்த நாள் காளவாசல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஊரே செல்போன் வாங்கி வந்து, மழை பெய்கிற ஊர்களில் இருந்த சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்தது. முத்துக்கருப்பன் வருஷக்கணக்கில் பேசாமலிருந்த தேனி மச்சினனைக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் “மாப்ள, அங்க மழையா?” என்றார். போனிலிருந்து அனல்காற்றுதான் வந்தது. அவர் மனைவி முத்துத்தாய் போனைப் பிடுங்கி, “தம்பி, முட்டுவலி எப்படிய்யா இருக்கு?” என்று கேட்ட பிறகே தூற ஆரம்பித்தது. அதிலிருந்து ஊர்க்காரர்கள் முதலில் உடம்பை விசாரித்தார்கள், பிள்ளைகளை விசாரித்தார்கள், மழையைக் கடைசியாகத்தான் கேட்டார்கள். பாகத்தகராறில் முறைத்துக்கொண்டு போனவர்களெல்லாம் பொங்கலுக்கு வந்து போக ஆரம்பித்தார்கள். பெண் கேட்டு வந்தால், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதற்கு முன்னால் அவர் ஊரில் மழை எப்படி என்று விசாரிப்பது வழக்கமானது.

சில வருஷம் கழித்து, நெல் விவசாயிகள் ஏன் செல்போன் வாங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் உள்ளதைச் சொன்னார்கள். அவர்கள் தலை துவட்டத் துண்டு வாங்கிக்கொண்டு, விலை விவரம் அறிவதற்காக என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

திவ்யாவுக்குப் பெண் பிறந்தது. பேத்தி இரண்டு மொழியிலும் தாத்தாவைத் திட்டப் பழகினாள். பேயாண்டிக்கு இரண்டுமே புரிந்தது. தை மாதம் கோச்சடையிலிருந்து போன் வந்தால், களத்தில் காய்கிற நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் எடுத்தார்.